ஊர்ல பாதி வீடு பூட்டிக் கெடக்கு, அப்பறம் யாருக்கு வீடு பத்தல?

கேள்வி, 16 ஆகஸ்ட் 2025

நேத்து கிராம சபைக்குப் போனேன், வலங்கைமான் பக்கம் எங்க ஊரு. தலைவருங்க பதவிக்காலம் ஜனவரியோட முடிஞ்சு போச்சு, இப்ப தனி அலுவலர் ஆட்சி. வீட்டுத் திட்டப் பட்டியலை வாசிச்சாங்க, ஒரே கூச்சல். எனக்கு ஒன்னு புரியல. எங்க தெருவுல பத்து வீட்டுல நாலு வீடு பூட்டு. ஸ்கூல்ல புள்ளைங்க இல்ல, இருக்குறவனும் திருப்பூர், சிங்கப்பூர்னு போறான். ஜனம் கொறையுற ஊருக்கு வருஷா வருஷம் எதுக்குப் புது வீடு? காலி வீட்டை வாடகைக்கு விட்டாலே தீர்ந்துச்சுல்ல? யாருங்க இந்தத் தேவைய கணக்குப் போடுறது?

பதில், 16 ஆகஸ்ட், ராத்திரி

பூட்டின வீடு வேற, கெடைக்கிற வீடு வேற. நான் டிப்ளமோ சிவில் படிச்சுட்டு மன்னார்குடி பக்கம் பிளான் போட்டு எஸ்டிமேட் எழுதிக் குடுத்து பொழைக்கிற ஆளு, ரெண்டு தடவ ஊராட்சி சர்வேக்காரங்க கூட வீடு வீடா ஏறி எறங்கியும் இருக்கேன். பூட்டின வீட்டு ஓனர் யாருன்னு விசாரிச்சா கதை ஒன்னொன்னும் ஒரு மாதிரி. அக்ரஹாரத்துல இருக்குறது தாத்தா பேர்ல பத்திரம், வாரிசு பதினாலு பேரு, அதுல மூணு பேரு அமெரிக்கா. நடுத்தெருவுல இருக்குறது அண்ணன் தம்பி பாகம் பிரியாத வீடு, கேஸ் கோர்ட்டுல. புதுசா டைல்ஸ் போட்டு கலர் அடிச்சது சிங்கப்பூர்க்காரர் வீடு, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் தொறப்பாங்க. இதுல எதை வாடகைக்கு விடுவீங்க? "குடி வச்சா காலி பண்ண மாட்டான்"ங்குற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நானே சொல்லிடுறேன். வீடு தேவைப்படுற ஆளு பெரும்பாலும் காலனித் தெருவுல இருக்காரு. பூட்டிக் கெடக்குறது மேலத்தெருவுல. அந்தச் சாவி இந்தக் கைக்கு வராது, எத்தனை வருஷம் பூட்டிக் கெடந்தாலும் சரி.

17 ஆகஸ்ட்

ஒன்னு விட்டுப் போச்சு. சென்செஸ்ல காலி வீடுன்னு தனியா ஒரு கலம் உண்டு. மாவட்ட அளவுல பாத்தா, குடும்பத்தை விட வீடு அதிகமாத் தெரியும், ஆஹா பிரச்சினையே இல்லன்னு தோணும். நீங்க கேட்ட கேள்வி அதே கண்ணாடி வழியா பாத்ததுதான். தப்பு சொல்லல, ஆபீஸ்ல உக்காந்தா எனக்கும் அப்படித்தான் தெரியும்.

19 ஆகஸ்ட்

நடவு சீசன், பிளான் வேலை டல்லு, அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

வீட்டை எண்ணாதீங்க, அடுப்ப எண்ணுங்க. நீடாமங்கலம் பக்கம் ஒரு தொகுப்பு வீடு, இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்துல கட்டுனது. ஒரு ரூம், ஒரு வராண்டா. உள்ள பெரியவர், அவர் சம்சாரம், கல்யாணம் ஆன ரெண்டு பசங்க, மருமகளுங்க, பேரப்புள்ளைங்க மூணு. ராத்திரி மூத்தவர் குடும்பம் ரூம்ல, எளையவர் குடும்பம் சைடுல தார்ப்பாய் எறக்கி இழுத்த சாப்புல, பெரியவரு வராண்டாவுல, பெரியம்மா மாட்டுக் கொட்டாய் பக்கம். ரேஷன் கார்டு ஒன்னுதான், ஏன்னா தனி கார்டு கேட்டா தனி சமையல் எங்கன்னு பாக்க வருவாங்க. இப்ப சர்வே பாரத்துல இது எப்படி ஏறும்னு நெனைக்கிறீங்க? கான்கிரீட் கூரை, குடும்பம் ஒன்னு, தேவை சைபர்.

இது நான் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. பன்னெண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு கிராமத்து வீட்டுப் பற்றாக்குறைய கணக்குப் போட்ட குழு, நாடு முழுக்க நாலு கோடிக்கு மேல வீடு பத்தலன்னு சொன்னப்ப வெறும் குடிசைய மட்டும் எண்ணல, கல்யாணம் ஆன ஜோடிக்குத் தனி ரூம் இல்லாத வீட்டையும் நெருக்கடின்னு சேத்துதான் எண்ணுச்சு, வயசாகி விழுற வீட்டையும் சேத்துச்சு. மேல அவ்ளோ தெளிவா யோசிச்சிருக்காங்க. கீழ நம்ம ஊருக்கு பாரமா வரும்போது "கூரை என்ன, சுவர் என்ன"ன்னு ரெண்டு கட்டத்துல டிக் அடிக்கிறதா சுருங்கிப் போவுது.

அந்த வீட்டுல ரெண்டாவது மருமக ஆறு மாசம் அம்மா வீட்டுல, ஆறு மாசம் இங்க. ஏம்மா அடிக்கடி போறேன்னு கேட்டா சிரிக்கிது. எடம் பத்தலன்னு எந்தப் பொண்ணு வெளியாளுகிட்ட சொல்லும்.

20 ஆகஸ்ட்

"அப்ப கான்கிரீட் வீடு இருக்குறவனுக்கே இன்னொன்னு குடுக்கணுமா"ன்னு ஒருத்தர் சூடா கேட்டுருக்காரு. ஆமாங்க, மேல ஒரு ரூம் போட வழி பண்ணிக் குடுத்தாலே பாதிப் பேருக்குப் போதும். ஆனா அந்தக் கான்கிரீட்டைப் பாத்துட்டுப் பேசுங்க. தொண்ணூறுகள்ல கட்டுன தொகுப்பு வீட்டுல முக்காவாசி சீலிங் உரிஞ்சு கம்பி தெரியுது, துருப்பிடிச்சு பொருமி சிமென்ட் கொட்டுது. தலைக்கு மேல சாக்கு கட்டி வச்சிருக்காங்க, காரை பாத்திரத்துல விழாம இருக்க. இது தெரிஞ்சுதான் 2000-01-க்கு முன்னாடி கட்டுன வீட்டுக்கு பழுது பாக்குற திட்டம்னு 2024-ல ரெண்டரை லட்சம் வீட்டுக்கு 2,000 கோடி ஒதுக்குனாங்க, இந்த வருஷ பட்ஜெட்டுல பழுதே பாக்க முடியாத வீட்டை இடிச்சுக் கட்ட 25,000 வீட்டுக்கு 600 கோடி. நல்ல விஷயம். ஆக கூரை கான்கிரீட்டுன்னா தேவை முடிஞ்சுதுன்னு சொன்ன அதே சர்க்காரே இப்ப மாத்தி எண்ண ஆரம்பிச்சுருக்கு.

24 ஆகஸ்ட்

மனை. நான் மொதல்லயே இதைச் சொல்லிருக்கணும், மத்ததெல்லாம் இதுக்குக் கீழதான்.

டெல்டாவுல வீடு இல்லாதவனுக்கு முக்காவாசி இல்லாதது வீடு இல்ல, பேர் போட்ட மேட்டு நெலம். நஞ்சை பூரா வயலு, மிச்சம் இருக்குற மேட்டுல கோயிலும் பெரிய தெருவும். கூலி சனம் எங்க ஒண்டுச்சு? வாய்க்கா கரை, ஆத்துப் படுகை, கொளத்தங்கரை, பண்ணையார் கொல்லை, கோயில் நெலம். 1968 டிசம்பர் 25-ந்தேதி கீழ்வெண்மணியில ஒரு குடிசைக்குள்ள 44 பேரை வச்சு எரிச்ச மண்ணு இது. அதுக்கப்பறம் 1971-ல குடியிருப்புச் சட்டம் வந்துச்சு, பண்ணை நெலத்துல குடிசை போட்டு இருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம்னு. அதுக்கு முன்ன கூலி கூடக் கேட்டா "குடிசையப் பிரிச்சுக்கிட்டுப் போ"ம்பாங்க, அந்த ஒரு வார்த்தை போதும். அந்தச் சட்டம் பெரிய மாத்தம், நான் கொறச்சுப் பேச மாட்டேன்.

ஆனா அம்பது வருஷம் ஆச்சுல்ல. அப்ப தாத்தாவுக்குக் கெடைச்ச மூணு சென்ட் மூணு புள்ளைக்குப் பிரிஞ்சு ஆளுக்கு ஒரு சென்ட். ஒரு சென்ட்டுன்னா 435 சதுர அடி. கலைஞர் கனவு இல்லம்னு குடிசைக்குப் பதிலா மாநில சர்க்கார் குடுக்குற வீடு 360 சதுர அடி. மிச்சம் 75 சதுர அடியில கக்கூஸு, அதோட குழி, கொல்லைக் கதவு, பக்கத்து வீட்டுக்குப் பாதை, எல்லாம் அடங்கணும். ஐப்பசியில அந்தக் குழி மேல வரைக்கும் தண்ணி நிக்கும். பேரனுங்க காலத்துல ஒரு சென்ட்டையும் பிரிக்கணும்னா எதைப் பிரிப்பீங்க?

25 ஆகஸ்ட்

கும்பகோணத்துலேருந்து ஒரு அக்கா கேட்டுருக்காங்க, கோயில் அடிமனையில (நெலம் கோயிலோடது, மேல இருக்குற வீடு எங்களது) அறுபது வருஷமா இருக்கோம், பகுதி, அதாவது மனை வாடகை கட்டுறோம், ரசீது இருக்கு, ஏன் திட்டத்துல வர மாட்டேங்குதுன்னு. அக்கா, ரசீது வாடகைக்குத்தான், நெலம் சாமி பேர்ல. திட்டம் உங்க பேர்ல பட்டா கேக்குது. அறநிலையத்துறை நெலத்துக்கு வருவாய்த்துறை பட்டா குடுக்க முடியாது. நம்ம பக்கம் கோயில் நெலமும் ஆதீன நெலமும் எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியும், தெருத் தெருவா அடிமனைதான். கூரை விழுற நெலைமையில இருந்தாலும் அந்தத் தெரு பூரா பட்டியலுக்கு வெளிய. நீர்நிலைப் புறம்போக்குன்னா இன்னும் மோசம், கோர்ட்டே பட்டா குடுக்காதேன்னு சொல்லிருக்கு, அதுல நியாயமும் இருக்கு, வாய்க்கா அடைஞ்சா வயலு முங்கும். எடுத்துருங்க, ஆனா மாத்து மனை எங்கன்னு சொல்லிட்டு எடுங்க.

கொடுமை எங்கன்னா, ரொம்ப மோசமா இருக்குறவங்கதான் கணக்குல தெரிய மாட்டாங்க. ஆபீஸ்ல இவங்ககிட்ட விண்ணப்பமே வாங்க மாட்டாங்க, அதனால "விண்ணப்பம் வரல, கேக்குற ஆளே இல்ல"ன்னு மேல ரிப்போர்ட் போவும். மாத்து மனை குடுத்த எடத்துலயும் ஒரு கூத்து, நான் பாத்த ஒரு எடத்துல மூணு மூணு சென்ட்டா பிரிச்சுக் கல்லு நட்டது இடுப்பளவு பள்ளத்துல. மண்ணு அடிச்சு மேடாக்கவே வீட்டுக் காசுல கணிசமா போயிரும். பட்டா வாங்குன சனம் யாரும் அங்க போவல. ரெக்கார்டுல அது "மனை வழங்கப்பட்டது".

2 செப்டம்பர்

பைக்குக் கதை. பிரதமர் வீடு திட்டம் 2016-ல வந்தப்ப 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வச்சுத்தான் ஆள் எடுத்தாங்க. பைக்கு இருந்தா வெளிய, ஃபிரிட்ஜ் இருந்தா வெளிய. கட்டட வேலைக்கு விடியக்காலம் திருவாரூர் போவணும், பஸ்ஸு இல்ல, தவணையில ஒரு பழைய வண்டி வாங்கினான், பணக்காரன் ஆயிட்டான். 2024-ல இந்த வண்டி, ஃபிரிட்ஜ், லேண்ட்லைன், மோட்டார் படகு எல்லாத்தையும் விதியிலேருந்து எடுத்துட்டாங்க, மாச வருமான வரம்பை பத்தாயிரத்துலேருந்து பதினஞ்சாயிரம் ஆக்குனாங்க. லேண்ட்லைன் இருக்குற குடிசை எங்க இருந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஆசையா இருக்கு பாக்கணும்னு.

கிசான் கிரெடிட் கார்டு விதி மட்டும் அப்படியே நிக்குது. அம்பதாயிரமோ அதுக்கு மேலயோ லிமிட் இருந்தா கெடையாது. நம்ம ஊர்ல சொசைட்டியில பயிர்க்கடன் வாங்காத ஒரு சிறு விவசாயிய காட்டுங்க. கடன் வாங்க முடியுறவன் வசதியானவன்னு எவனோ டெல்லியில நெனைச்சிருக்கான்.

7 செப்டம்பர்

காசு. சிமென்ட்டு, கம்பி பத்தி நாலு பேரு கேட்டதால.

பிரதமர் வீடு திட்டத்துல அடிப்படைத் தொகை 1.20 லட்சம், கொறஞ்சது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. கான்கிரீட் கூரைக்குன்னு மாநிலம் இன்னொரு 1.20 லட்சம் போடுது, நூறு நாள் வேலைக் கூலி, கக்கூஸுக்கு பன்னெண்டாயிரம் சேத்தா ரெண்டே முக்கால் லட்சத்துக்கு மேல வரும். கனவு இல்லம் மூணரை லட்சம். எங்க பக்கம் இன்னிக்கு மேஸ்திரி சதுர அடிக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழ பேசவே மாட்டாரு. 269-க்கு அஞ்சே கால் லட்சத்துக்கு மேல, 360-க்கு ஏழு லட்சம். நம்ம மண்ணு களி வேற, வெயில்ல வெடிச்சு மழையில உப்பும், சும்மா கருங்கல்லு அஸ்திவாரம் போட்டா மூணாவது வருஷம் சுவத்துல விரல் நுழையும். பில்லர் போட்டுத்தான் ஆவணும். திட்டத்தோட மாதிரி பிளான்ல இருக்குற ஊரும் இந்த ஊரும் ஒன்னு இல்ல.

மிச்சக் காசு எங்கேருந்து? குழுக் கடன், நகை, வட்டிக்கு. காசு கட்டம் கட்டமா வரும், பேஸ்மட்டம் முடிச்சாத்தான் மொத தவணை, அதுக்கே கையில காசு வேணும். அதனாலதான் பேரு வந்தும் "வேணாம் சார்"னு எழுதிக் குடுக்குறாங்க. நான் எழுதிக் குடுக்குறதைப் பாத்துருக்கேன், ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுட்டு "கூரை ஒழுவுனா பாத்திரம் வச்சுக்கலாம், வட்டி ஒழுவுனா என்ன வைக்கிறது"ன்னுச்சு. மேல போற பேப்பர்ல அது "பயனாளிக்கு விருப்பமில்லை".

அதே நேரம் பைபாஸ் ஓரமா வயலை மூடி பிளாட் போட்டு வித்துக்கிட்டுத்தான் இருக்கான். அங்க வாங்குறவன் சிங்கப்பூர்ல இருக்கான், வீடு கட்டுறதுக்கு இல்ல, போட்டு வைக்க. 2016-ல அனுமதி இல்லாத மனைய பத்திரம் பதியக்கூடாதுன்னு ஹைகோர்ட் தடை போட்டப்ப கொஞ்சம் அடங்குச்சு, அப்பறம் வரன்முறைப்படுத்துற திட்டம் வந்து பழையபடி. மனைக்கு ஏறுற வெலையப் பாத்து "இங்க வீட்டுக்கு டிமாண்ட் ஜாஸ்தி"ன்னு ஒரு புரோக்கர் என்கிட்டயே கணக்கு சொல்றாரு.

9 செப்டம்பர்

இல்ல, மேல எழுதுனதுல ஒன்னு சேக்கணும். வாடகைக்கு உண்மையாவே ஆளு இருக்கு, ஆனா நீங்க நெனைக்கிற ஆளு இல்ல. நர்ஸு, டீச்சரு, பேங்க்ல புதுசா வர்ற பசங்க, ரைஸ் மில்லுல வேலை பாக்குற வடநாட்டுத் தம்பிங்க. மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடிக்கு வந்ததுலேருந்து திருவாரூர்ப் பக்கம் ரூமு கேக்குறவங்க கூடிட்டாங்க. எந்த வீட்டுக் கணக்குலயும் இவங்க இல்ல, ஏன்னா ஓட்டு வேற ஊர்ல. டீச்சரம்மா தெனம் கும்பகோணத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி வருது, ஸ்கூலுக்குப் பக்கத்துல பெரிய வீடு பூட்டிக் கெடக்குது. இந்த ஒரு எடத்துல உங்க யோசனை சரி சார், பூட்டின வீட்டுல நாலஞ்ச தொறந்தா போதும்.

அப்பறம் வயசானவங்க. நாலு பெட்ரூம் வீடு, உள்ள ஒத்த ஆளு, பாத்ரூம் கொல்லையில. அந்த ஆச்சிக்குப் புது வீடு தேவை இல்ல, படி எறங்காம போற ஒரு கக்கூஸு தேவை. அதுவும் வீட்டுத் தேவைதான், ஆனா பாரத்துல அதுக்குக் கட்டமே கெடையாது.

14 செப்டம்பர்

வேதாரண்யத்துலேருந்து ஒரு தம்பி கஜா புயலை ஞாபகப்படுத்தினாப்ல. 2018 நவம்பர் 16. ஒரு ராத்திரில கீத்துக் கொட்டாய் எல்லாம் பறந்துச்சு, தென்னையும் போச்சு. தென்னை போனா கீத்தும் போச்சு, அதை யாரும் கணக்குல எடுக்கல. மூணு வருஷத்துக்கு ஒருக்கா கூரை மாத்தணும், மரமே இல்லன்னா கீத்து வெலைக்கு வாங்கணும், அதுக்கு ஷீட்டே மேல்னு ஜனம் ஷீட்டுக்கு மாறுச்சு. சித்திரை வெயில்ல ஷீட்டுக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. இப்ப ஷீட்டு மேலயே கீத்து போட்டு வச்சிருக்காங்க சூடு தாங்க.

இது குடிசையா வீடா? கனவு இல்லத்துக்குக் கூரையில ஒரு பகுதி ஷீட்டு இருந்தாலும் குடிசை இல்ல. கஜாவுல எல்லாத்தையும் பறிகுடுத்தவன், கடன் வாங்கி ஷீட்டு போட்டதாலயே பட்டியலை விட்டு வெளிய. 2010-ல எடுத்த குடிசைக் கணக்கு சர்க்கார் கையில இருக்கு, அதை மறுபடி சரிபாத்தாங்க, புதுக் குடிசைக்கும் தனியா எடுத்தாங்க, எல்லாத்துலயும் கேள்வி கூரை மேலதான்.

நாகப்பட்டினம் கரையிலயும் பாருங்க. 2004 சுனாமிக்கு அப்பறம் கட்டுன வீடு, அன்னிக்கு எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. அன்னிக்குத் தொட்டில்ல கெடந்த புள்ளைக்கு இப்ப இருவது வயசு தாண்டியாச்சு, கல்யாணம் பேசுறாங்க. ஒரு தடவ எண்ணி முடிச்சுட்டோம்னு நிறுத்த முடியாத கணக்கு இது.

21 செப்டம்பர்

"கொறை சொன்னது போதும், உன்கிட்ட குடுத்தா எப்படி எண்ணுவே"ன்னு கேள்வி கேட்டவரே கேட்டுருக்காரு. நியாயம்.

மொதல்ல நேரம். காலைல பதினோரு மணிக்கு சர்வேக்குப் போவாதீங்க. நடவு, களை, நூறு நாள் வேலைன்னு ஆளு இருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதை எழுதிட்டு வருவீங்க. வெளக்கு வச்சப்பறம் போங்க. மாசம் ஐப்பசி கார்த்திகை. சித்திரையில எந்த வீடும் நல்லாத்தான் இருக்கும், ஒழுவுறது மழையிலதான் தெரியும். அடுத்த வருஷம் 2027 சென்செஸுக்கு வீட்டுப் பட்டியல் எடுக்கப் போறாங்க, ஏப்ரல்ல தொடங்குறாங்களாம், கோடைன்னா கூரை எல்லாம் காய்ஞ்சு பளபளன்னு இருக்கும்.

கேள்வி ரெண்டு மூணு போதும். நேத்து ராத்திரி இங்க யார் யாரு எங்க படுத்தீங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல யாருக்குக் கல்யாணம். இந்த நெலம் யார் பேர்ல. கடைசிக் கேள்விய மொதல்ல கேட்டா கதவைச் சாத்திருவாங்க, டீ குடிச்சப்பறம் கேளுங்க.

ஒரு பேச்சுக்கு, 300 அடுப்பு இருக்குற ஊருன்னு வைங்க. அதுல ஒண்டியிருக்குற ஜோடி 40, விழுற வீடு 50, ரெண்டுலயும் வர்றது 15. அப்ப 75. இதோட நின்னா அது ஆபீஸ் கணக்கு. இந்த 75-ஐ மனை வாரியா பிரிங்க. பட்டா இருக்கு, எடமும் இருக்கு, காசுதான் இல்லைங்குறது ஒரு இருவது தேறும், இப்ப இருக்குற எல்லாத் திட்டமும் இந்த இருவதுக்குத்தான். பட்டா இருக்கு, பிரிஞ்சு பிரிஞ்சு எடம் பத்தல, அது ஒரு கூட்டம், இவங்களுக்கு மாடி. மிச்சம் அடிமனை, கரை, புறம்போக்கு, இவங்களுக்கு சிமென்ட்டு மூட்டைய தூக்கிட்டுப் போறதுல பிரயோஜனமே இல்ல, மொதல்ல ஊருக்குப் பக்கத்துல மேட்டுல நெலம் வாங்கணும். நம்பர் என்னோட கற்பனை, உங்க ஊருக்கு மாறும், ஆனா பிரிச்சுப் பாருங்க, எந்தக் கூட்டம் பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.

22 செப்டம்பர்

பூட்டின குடிசைய மறந்துட்டு மேல எழுதிட்டேனேன்னு ராத்திரி தோணுச்சு. பூட்டின மாடி வீடும் பூட்டின குடிசையும் ஒன்னு இல்ல. குடிசை பூட்டியிருந்தா அந்தக் குடும்பம் செங்கச் சூளையிலயோ திருப்பூர் பனியன் கம்பெனி லைன் வீட்டுலயோ இருக்கும், அறுப்புக்கு வரும். சர்வே அன்னிக்கு ஆள் இல்லன்னா "நிரந்தரமா போயிட்டாங்க"ன்னு எழுதிப் பேரை வெட்டிருவாங்க. வீடு ஒழுங்கா இருந்தா போயே இருக்க மாட்டோம்னு சொன்னவங்களும் உண்டு, வேலை இல்லாம போனவங்களும் உண்டு, நான் எதையும் அறுதியா சொல்ல மாட்டேன்.

4 அக்டோபர்

கேள்வி கேட்டவரு எழுதிருக்காரு, அவங்க தெருவுல சாயங்காலம் சுத்திப் பாத்தாராம். பூட்டின நாலு வீட்டுல ஒன்னுக்குப் பின்னாடி கொல்லையில ஒரு குடும்பம் சாப்பு போட்டு இருக்காம், காவலுக்குன்னு வச்சதாம், இருவது வருஷமாம். அவங்க பேரு எதுலயும் இல்லியாம். சார், அந்த வீட்டு வாரிசுங்க ஒருத்தர்கிட்டயாவது பேசிப் பாருங்க, கொல்லையில ரெண்டு சென்ட் எழுதிக் குடுத்தா என்ன கொறைஞ்சுரப் போவுது. நடக்காதுன்னு எனக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க.

11 அக்டோபர்

மழை ஆரம்பிச்சுருச்சு, கொள்முதல் நெலையத்துல நெல்லு நனையுதுன்னு எல்லாரும் அங்க நிக்குறாங்க, நானும்தான். ஒரே ஒரு பதில் மட்டும் போட்டுட்டுப் போறேன், முத்துப்பேட்டை தம்பி ரெண்டு தடவ கேட்டுட்டாரு: "ஷீட்டைக் கழட்டிட்டு திரும்பக் கீத்து போட்டா லிஸ்ட்ல பேரு வருமாண்ணே?"

வராது தம்பி. பழைய கணக்குல பேரு இருக்கணும், போட்டோ எடுத்து எடத்தோட பதிஞ்சு வச்சிருப்பாங்க. ஷீட்டை அப்படியே விடு, மழை முடியட்டும். தை மாசம் பட்டா நகலை எடுத்துக்கிட்டு மன்னார்குடி வா, மனை அளவு பாத்துட்டு எந்தத் திட்டத்துல நொழைய முடியும்னு பாப்போம்.